நேயர் காணிக்கையில் ஓடும் வானொலி: ஃபேமிலி ரேடியோ கட்டியதும் இழந்ததும்

அமெரிக்காவில் காரோட்டும் தமிழர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். வருடக்கணக்கில் ராக் இசை ஒலித்த அலைவரிசையில் ஒரு நாள் கிறிஸ்தவப் பாடல்கள் வரத் தொடங்கும். சிகாகோவில் 97.9 'தி லூப்' 2018 மார்ச்சில் இப்படி மாறியது. நியூயார்க்கில் 95.5 டபிள்யூ.பி.எல்.ஜே. 2019 மே 31 மாலையோடு விடைபெற்றது. இரண்டையும் வாங்கியது, 'கே-லவ்' என்ற கிறிஸ்தவ இசை வானொலியை நடத்தும் எஜுகேஷனல் மீடியா ஃபவுண்டேஷன். நியூயார்க் நிலையத்தோடு சேர்த்து ஆறு நிலையங்களுக்கு அந்த அமைப்பு கொடுத்த விலை 10 கோடியே 35 லட்சம் டாலர்.

கே-லவ் ஒரு விளம்பரம்கூடப் போடுவதில்லை. நேயர்கள் அனுப்பும் காணிக்கையில்தான் ஓடுகிறது. அப்படியானால் இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? வாங்கிய சொத்து யாருடையது? நாளை அதை விற்றால் பணம் யாருக்குப் போகும்? மாதாமாதம் 20 டாலர் அனுப்புகிறவருக்கு இதிலெல்லாம் ஏதாவது சொல் உண்டா?

இந்தக் கேள்விகளுக்கு கே-லவ்வைவிட நல்ல பாடம் ஃபேமிலி ரேடியோ என்ற இன்னொரு அமெரிக்கக் கிறிஸ்தவ வானொலி. இதே பாதையில் பல பத்தாண்டுகள் முன்னதாகவே நடந்து, பெரும் சொத்து சேர்த்து, 2011இல் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு சரிவைக் கண்ட அமைப்பு அது. அதன் வரலாற்றைப் படிப்படியாகப் பார்த்தால் மேற்கண்ட நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

## மூன்று வகை வருமானம்

வானொலி நிலையத்துக்குப் பணம் வரும் வழியை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில், அரசு உதவியை ஒதுக்கிவிட்டால், மூன்று வழிகள் உண்டு.

1. விளம்பரம். நிலையம் நேயர்களைக் கூட்டுகிறது. அந்தக் கூட்டத்தின் காதை விளம்பரதாரருக்கு விற்கிறது.

2. நேர விற்பனை. நிலையம் அரை மணி நேரத்தையோ ஒரு மணி நேரத்தையோ மொத்தமாக விற்றுவிடுகிறது. பிரசங்கியார் பணம் கட்டி அந்த நேரத்தை வாங்கி, தன் நேயர்களிடம் காணிக்கை கேட்டு அதை ஈடுகட்டிக்கொள்கிறார். கிறிஸ்தவ நிலையங்களில் கணிசமானவை இந்த வகைதான்.

3. நேயர் ஆதரவு. நிலையமே நேயரிடம் நேராகக் காணிக்கை கேட்கிறது. கொடுக்காதவரும் கேட்கலாம், கொடுத்தவருக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

மூன்றாவது வகை கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவில் இதை முதலில் நடத்திக் காட்டியது கலிஃபோர்னியா மாநிலம் பெர்க்லியில் 1949 ஏப்ரல் 15 அன்று தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. நிலையம். தொடங்கியவர் லூயிஸ் ஹில். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த சமாதானவாதி. ஒரு நிலையத்தைக் கேட்கக்கூடியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் சந்தா கட்டினால் போதும், நிலையம் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் போட்ட கணக்கு. மீதி 98 பேர் இலவசமாகக் கேட்கட்டும். அவர்களுக்கும் சேர்த்து அந்த இரண்டு பேர் கொடுப்பார்கள்.

இந்தச் சிறுபான்மைக் கணக்குதான் இன்றுவரை நேயர் ஆதரவு வானொலியின் அச்சாணி. அதில் ஒரு விளைவும் ஒளிந்திருக்கிறது. எல்லோருக்கும் ஓரளவு பிடித்திருப்பதைவிடச் சிலருக்கு உயிராக இருப்பதுதான் இந்த வகை நிலையத்துக்கு வருமானம். விளம்பர வானொலிக்கு எண்ணிக்கை வேண்டும். நேயர் ஆதரவு வானொலிக்கு நம்பிக்கையின் ஆழம் வேண்டும். ஃபேமிலி ரேடியோவின் ஏற்றமும் இறக்கமும் இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் கிளம்புகின்றன.

## 92க்குக் கீழே, 92க்கு மேலே

அடுத்து அலைவரிசை. அமெரிக்காவில் வானொலி உரிமங்களைக் கொடுப்பது எஃப்.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம். இன்றைய எஃப்.எம். பட்டையை 1945இல் அது வகுத்தபோது, 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 20 இடங்களை லாப நோக்கமற்ற கல்வி நிலையங்களுக்கென்று ஒதுக்கியது. 92க்கு மேலே 108 வரை பொதுவான வணிகப் பகுதி.

ஒதுக்கப்பட்ட பகுதியில் விளம்பரத்துக்கு அனுமதி இல்லை. உதவி செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிக்கலாம்; விலை சொல்லக் கூடாது, மற்ற பொருளோடு ஒப்பிடக் கூடாது, 'வாங்குங்கள்' என்று அழைக்கக் கூடாது. இந்த விதி கீழ்ப்பகுதி நிலையங்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் மேல்ப்பகுதியில் ஒரு நிலையத்தை வாங்கி, 'எனக்கு விளம்பரம் வேண்டாம்' என்று ஒருவர் தாமாகவே தீர்மானித்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த அலைவரிசையின் சந்தை மதிப்பும் அதனால் குறைந்துவிடாது. வணிக நிறுவனம் எதுவும் நாளை அதை வாங்கலாம். ஊர்க்கோயிலுக்கு எழுதிவைத்த வயல் நகரத்துக்கு நடுவே வந்துவிட்ட கதை போல, காணிக்கையில் வாங்கிய அலைவரிசை சும்மா இருந்தபடியே விலை ஏறும்.

## 1959: யாரும் சீண்டாத எஃப்.எம்.

ஃபேமிலி ரேடியோவை நடத்தும் ஃபேமிலி ஸ்டேஷன்ஸ் என்ற அமைப்பு 1958இல் கலிஃபோர்னியாவில் பதிவானது. ரிச்சர்ட் பாம்க்விஸ்ட், லாய்ட் லிண்ட்க்விஸ்ட், ஹெரால்ட் கேம்பிங் ஆகிய மூவரும் சேர்ந்து தொடங்கினார்கள். 1959 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவின் 97.3 கே.இ.ஏ.ஆர். நிலையத்திலிருந்து ஒலிபரப்பு ஆரம்பமானது. கே.பி.எஃப்.ஏ. இருந்த அதே வளைகுடா வட்டாரம், பத்து ஆண்டு இடைவெளி, நேர் எதிரான கொள்கை, ஆனால் ஒரே வருமான முறை.

கேம்பிங் 1921இல் கொலராடோவில் பிறந்தவர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1942இல் சிவில் எஞ்சினியரிங் பட்டம் பெற்று, கட்டுமானத் தொழில் நடத்தியவர். முறையான இறையியல் படிப்பு இல்லாதவர். வானொலியிலிருந்து சம்பளம் வாங்காமல் வேலை செய்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பின்னால் நடந்ததைப் பணத்தாசை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது என்பதற்கு அது ஒரு காரணம்.

அன்றைக்கு எஃப்.எம். ஒரு தோற்றுப்போன தொழில்நுட்பம் போலக் கிடந்தது. வீட்டிலும் காரிலும் இருந்த பெட்டிகள் பெரும்பாலும் ஏ.எம். மட்டுமே பிடிக்கும். 1950களில் எஃப்.எம். உரிமம் வைத்திருந்த பலர், நஷ்டம் தாங்காமல் உரிமத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். விளம்பர வருமானத்தை நம்பாத ஓர் அமைப்புக்கு இது பொன்னான நேரம். 1960களின் முடிவுக்குள் சான் பிரான்சிஸ்கோ மட்டுமல்லாமல் சாக்ரமென்டோ, சான் டியாகோ வட்டாரம், நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க், ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய கேம்டன் என்று பெருநகரங்களின் எஃப்.எம். அலைவரிசைகள் அதன் கைக்கு வந்தன. இவற்றில் முக்கியமானவை 92க்கு மேலே உள்ள வணிகப் பகுதியில் இருந்தவை. நியூவர்க் 94.7, கேம்டன் 106.9.

காற்று சீக்கிரமே திரும்பியது. 1961இல் எஃப்.எம். ஸ்டீரியோவுக்கு அனுமதி கிடைத்தது. ஏ.எம். நிகழ்ச்சியை அப்படியே எஃப்.எம்.மில் மறு ஒலிபரப்புச் செய்வதைக் கட்டுப்படுத்தும் விதி 1960களின் நடுவில் வந்தது, எஃப்.எம். தனக்கென்று நிகழ்ச்சிகளைத் தேட வேண்டியதாயிற்று. 1970களின் இறுதியில் எஃப்.எம். கேட்போர் ஏ.எம். கேட்போரை மிஞ்சினார்கள். ஃபேமிலி ரேடியோ தன் வழக்கமான பாமாலைகளையும் வேத வாசிப்பையும் மாற்றாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்க, அதன் காலடியில் இருந்த சொத்து பல மடங்காகிவிட்டது.

## கடல் தாண்டிய குரல்

1973இல் ஃபேமிலி ரேடியோ இன்னொரு பெரிய அடி எடுத்து வைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் சிச்சுவேட்டில் இருந்த சிற்றலை நிலையத்தை வாங்கி, டபிள்யூ.ஒய்.எஃப்.ஆர். என்று பெயரிட்டது. 'யுவர் ஃபேமிலி ரேடியோ' என்பதன் முதலெழுத்துகள் அவை. பிறகு 1970களின் பிற்பகுதியில் நிலையத்தை ஃப்ளோரிடாவின் ஓக்கீச்சோபிக்கு மாற்றியது.

சிற்றலை வானத்தின் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தரையிறங்கும். உள்ளூர் அரசின் உரிமம் தேவையில்லை. கேட்பவரிடம் ஒரு பெட்டி இருந்தால் போதும். ஃபேமிலி ரேடியோ வெவ்வேறு நாடுகளின் ஒலிபரப்பிகளையும் வாடகைக்கு எடுத்தது. தைவான் அரசு வானொலியோடு பண்டமாற்றே நடந்தது: அவர்கள் நிகழ்ச்சியை இவர்கள் ஃப்ளோரிடாவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்கு அனுப்ப, இவர்கள் நிகழ்ச்சியை அவர்கள் தைவானிலிருந்து ஆசியாவுக்கு அனுப்பினார்கள். தமிழ் உள்பட இந்திய மொழிகள் பலவற்றிலும் ஃபேமிலி ரேடியோ ஒலித்தது.

தமிழ்நாட்டில் கிறிஸ்தவ வானொலி என்றாலே ஏன் வெளிநாட்டு அலைவரிசையாக இருந்தது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் வானொலி நீண்ட காலம் அரசின் கையில் மட்டுமே இருந்தது; தனியார் எஃப்.எம். வந்த பிறகும் மத அமைப்புகளுக்கு அந்த உரிமம் கிடையாது. ஆகவே செஷல்ஸ் தீவிலிருந்து ஃபீபா, இலங்கையின் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ என்று கடலுக்கு அப்பாலிருந்துதான் அந்தக் குரல்கள் வந்தன. மாலை நேரத்தில் இரைச்சலுக்கு நடுவே முள்ளை மெல்லத் திருப்பிப் பிடித்த தலைமுறைக்கு அது நன்றாகத் தெரியும்.

தொலைவிலிருந்து கேட்பவருக்கு ஒரு குறைபாடும் உண்டு. பேசுகிறவரின் ஊரில் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழி இல்லை. வந்து சேரும் குரல் மட்டுமே அவருக்குத் தெரியும்.

## மைக்கும் நாற்காலியும் ஒருவரிடமே

ஃபேமிலி ரேடியோவின் முகமாக ஆனது 1961இல் தொடங்கிய 'ஓபன் ஃபோரம்'. வார நாட்களில் மாலை ஒன்றரை மணி நேரம். நேயர் தொலைபேசியில் வேதாகமக் கேள்வி கேட்பார். கேம்பிங் ஆழ்ந்த, இழுத்துப் பேசும் குரலில் பதில் சொல்வார். அதட்டலோ ஆர்ப்பாட்டமோ கிடையாது. அழைத்தவர் எவ்வளவு கோபமாகப் பேசினாலும் அழைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போவார். ஐம்பது ஆண்டுகள் அந்தக் குரல் மாறவில்லை. தனியாக வாழும் முதியவருக்கும் இரவுப் பணி செய்யும் ஓட்டுநருக்கும் அது வீட்டு மனிதரின் குரல். ஆழ்ந்த நம்பிக்கை உருவாவது இப்படித்தான். கொடுப்பவர் அந்த அமைப்புக்குக் கொடுக்கவில்லை, அந்தக் குரலுக்குக் கொடுத்தார்.

அந்தக் குரலுக்கு உரியவரே அமைப்பின் தலைவர். என்ன போதிப்பது, யாரை ஒலிபரப்புவது, பணத்தை எதில் செலவிடுவது, மூன்றும் அவரிடமே வந்து நின்றன. சபைக் கண்காணிப்பும் இல்லை. 1988இல் அவர் தான் சார்ந்திருந்த கிறிஸ்டியன் ரிஃபார்ம்டு சபையை விட்டுப் பிரிந்தார். 2000களின் தொடக்கத்தில் ஒரு படி மேலே போய், திருச்சபைகளின் காலமே முடிந்துவிட்டது, விசுவாசிகள் சபைகளை விட்டு வெளியே வர வேண்டும் என்று போதித்தார். இதைக் கேட்டுச் சபையை விட்டவர்களுக்குக் கலந்து பேசவோ, 'இது சரிதானா' என்று கேட்கவோ ஒரு போதகர்கூட மிச்சமில்லை. என் பார்வையில் 2011இல் நடந்த தவறைவிட இது பெரிய தவறு. அந்தத் தவறுக்குக் கதவைத் திறந்துவிட்டதே இதுதான்.

## 2011 மே 21

கேம்பிங் 1994 செப்டம்பரில் கிறிஸ்துவின் வருகை நிகழக்கூடும் என்று முன்பே ஒருமுறை சொல்லி, அது பொய்த்திருந்தது. அடுத்து, நியாயத்தீர்ப்பு நாள் என்று அவர் குறித்தது 2011 மே 21. கணக்கு இப்படிப் போனது:

1. நோவாவின் காலத்து ஜலப்பிரளயம் கி.மு. 4990இல் வந்தது என்பது அவர் முடிவு. அதிலிருந்து 7,000 ஆண்டுகள் கடந்தால் 2011 (கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய ஆண்டு இல்லை).

2. இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 33 ஏப்ரல் 1 என்று வைத்துக்கொண்டார். அங்கிருந்து 2011 மே 21 வரை 7,22,500 நாட்கள்.

3. அவர் வாசிப்பில் 5 பாவநிவிர்த்தியையும், 10 நிறைவையும், 17 பரலோகத்தையும் குறிக்கும் எண்கள். மூன்றையும் பெருக்கினால் 850. அதை அதனாலேயே பெருக்கினால் 7,22,500.

ஒரு எஞ்சினியரின் கணக்குப் புத்தகம் போல எல்லாம் பொருந்தி வந்தது. ஆனால் எடுத்துக்கொண்ட தொடக்கத் தேதிகளும் எண்களுக்குக் கொடுத்த பொருளும் அவரே தேர்ந்தவை. 'அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்' என்ற மத்தேயு சுவிசேஷ வசனத்தை எடுத்துக்காட்டி மறுத்தவர்கள் ஏராளம். அந்த மறுப்பு நேயர்களிடம் போய்ச் சேரச் சபை என்ற வழி ஏற்கெனவே அடைபட்டிருந்தது.

உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விளம்பரப் பலகைகள் எழுந்தன. வாசகம் எழுதிய வண்டிகள் ஊர் ஊராகச் சுற்றின. பணம் இல்லாமல் இல்லை: 2009ஆம் ஆண்டுக்கான வருமான வரித் தாக்கலில் அமைப்பு காட்டிய காணிக்கை 1 கோடியே 83 லட்சம் டாலர், மொத்தச் சொத்து 10 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல், அதில் 3 கோடியே 40 லட்சம் பங்குகளிலும் அதுபோன்ற முதலீடுகளிலும். அமைப்பின் பணம் தவிர, தனி மனிதர்களின் பணமும் இறங்கியது. நியூயார்க்கில் ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர் ஒருவர் தன் சேமிப்பிலிருந்து 1,40,000 டாலர் போட்டு, பேருந்து நிறுத்தங்களிலும் சுரங்க ரயிலிலும் விளம்பரம் வைத்தார். வியட்நாமின் தியென் பியென் மாகாணத்தில் ஹ்மாங் இன மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, பாதுகாப்புப் படையால் கலைக்கப்பட்டார்கள். அவர்கள் திரண்டதற்கு, ஹ்மாங் மொழியில் போய்ச் சேர்ந்த இந்த முன்னறிவிப்பும் ஒரு காரணம் என்று செய்திகள் வந்தன. காலிஃபோர்னியாவில் ஒருவர் போட்ட பெருக்கல் கணக்கு எங்கே போய் விழுந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மே 21, சனிக்கிழமை. ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த ஊர் நேரப்படி மாலை ஆறு மணி என்று சொல்லப்பட்டிருந்தது. முதலில் விடியும் பசிபிக் தீவுகளில் ஆறு மணி தாண்டியது, எதுவும் நடக்கவில்லை. திங்கட்கிழமை மாலை கேம்பிங் ஓக்லாந்து நிலையத்தில் நிருபர்கள் சூழ மறுபடியும் மைக் முன் உட்கார்ந்தார். நியாயத்தீர்ப்பு ஆவிக்குரிய விதத்தில் வந்துவிட்டது, உலகின் முடிவு அக்டோபர் 21இல் வரும் என்றார். கொடுத்த பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்ற கேள்விக்கு, முடிவு இன்னும் வரவில்லையே, எதற்காகத் தர வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். ஜூன் 9 அன்று அவருக்குப் பக்கவாதம் வந்தது. அக்டோபர் 21உம் கடந்தது. 2012 மார்ச்சில், நாள் குறித்தது தவறு மட்டுமல்ல, பாவமும்கூட என்று நேயர்களுக்குக் கடிதம் எழுதினார். 2013 டிசம்பர் 15 அன்று, 92 வயதில் இறந்தார்.

## கொடுத்தவருக்கு என்ன உரிமை?

2011இல் பலர் கேட்ட கேள்வி: அரசு ஏன் இதைத் தடுக்கவில்லை, கொடுத்தவர்கள் ஏன் பணத்தைத் திரும்பப் பெறவில்லை? சட்டம் இப்படி நிற்கிறது.

1. காணிக்கை என்பது கொடை. கொடுத்த கணமே அது அமைப்பின் சொத்து. வரி விலக்கு கிடைக்கும். பங்குதாரர் உரிமை கிடைக்காது, ஓட்டும் கிடைக்காது.

2. இத்தகைய அமைப்புக்கு முதலாளி கிடையாது. நிலையத்தை விற்றால் வரும் பணத்தை யாரும் பங்கு பிரித்துக்கொள்ள முடியாது. அமைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் அமைப்புக்குள் அதை எதற்குச் செலவிடுவது என்பதை நிர்வாகக் குழுவே தீர்மானிக்கும்.

3. போதனை உண்மையா பொய்யா என்று அரசு தீர்ப்புச் சொல்லாது. அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதற்கு இடம் தராது.

4. நிலையத்தின் நிகழ்ச்சி வகை மாறினாலும் நேயர் தடுக்க முடியாது. நியூயார்க்கில் டபிள்யூ.என்.சி.என். என்ற செவ்வியல் இசை நிலையத்தின் நேயர்கள் போராடிய வழக்கில், இதைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிடும் எஃப்.சி.சி.யின் கொள்கை செல்லும் என்று 1981இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிகாகோ ராக் நேயர்களுக்கும் ஃபேமிலி ரேடியோ நேயர்களுக்கும் பொருந்துவது ஒரே தீர்ப்புதான்.

5. கைமாற்றத்துக்கு எஃப்.சி.சி. ஒப்புதல் வேண்டும். ஆனால் வாங்குபவருக்குத் தகுதி இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். 'இவரைவிட வேறொருவருக்குக் கொடுத்தால் நல்லது' என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை.

மூன்றாவது அம்சத்தை ஒட்டி ஒரு பழைய சம்பவம் உண்டு. 1974இல் ஜெரெமி லான்ஸ்மன், லொரென்சோ மிலம் என்ற இருவர், ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளை மத நிறுவனங்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவைத்து ஆராய வேண்டும் என்று எஃப்.சி.சி.யிடம் மனுக் கொடுத்தார்கள். 1975 ஆகஸ்டிலேயே அது தள்ளுபடி ஆனது. ஆனால், நாத்திகர் ஒருவர் மத ஒலிபரப்பு முழுவதையும் தடை செய்யக் கேட்டிருக்கிறார் என்ற வதந்தியாக அது உருமாறி, தள்ளுபடியான மனுவை எதிர்த்துக் கோடிக்கும் மேற்பட்ட கடிதங்கள் பல ஆண்டுகள் வந்து குவிந்தன. கிறிஸ்தவ வானொலி நேயர் எவ்வளவு பற்றுள்ளவர் என்பதற்கு இது சான்று. எளிதில் பதறக்கூடியவர் என்பதற்கும் சான்று. அப்படிப்பட்டவர் முன் மைக் பிடிப்பவரின் பொறுப்பு எவ்வளவு கனமானது!

## அலைவரிசைகளால் ஈடுகட்டிய இழப்பு

பத்திரிகைகளில் வெளியான கணக்கு விவரப்படி, 2007இல் 13 கோடியே 50 லட்சம் டாலராக இருந்த அமைப்பின் நிகரச் சொத்து 2011 முடிவில் 2 கோடியே 92 லட்சமாகச் சுருங்கியது. 1960களில் மலிவாக வந்த பெருநகர அலைவரிசைகள்தான் இப்போது கைகொடுத்தன.

அனாபொலிஸ் 107.9, சி.பி.எஸ். ரேடியோவுக்கு 85 லட்சம் டாலருக்குப் போனது. ஃபிலடெல்ஃபியா வட்டாரத்தின் 106.9, மெர்லின் மீடியாவுக்கு 2 கோடியே 25 லட்சத்துக்கு. நியூயார்க்கின் 94.7, க்யூமுலஸுக்கு 4 கோடி டாலருக்கு. கூடவே புறநகரில் ஒரு சிறிய எஃப்.எம். நிலையமும் பதிலுக்குக் கிடைத்தது. 2013 ஜனவரியில், பாமாலை ஒலித்த 94.7இல் கன்ட்ரி இசை ஒலித்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று ஓக்கீச்சோபி சிற்றலையும் நின்றது.

நியூயார்க் நேயர்களை மறுபடி அடைய, ஃபேமிலி ரேடியோ அடுத்து ஏ.எம். 1560ஐ டிஸ்னியிடமிருந்து 1 கோடியே 29.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. டிஸ்னி அதை நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்திடம் 2007இல் வாங்கியபோது கொடுத்தது 4 கோடி. ஏழெட்டு ஆண்டுகளில் ஒரு ஏ.எம். அலைவரிசையின் விலை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. எஃப்.எம்.முக்கு 1950களில் நேர்ந்தது இப்போது ஏ.எம்.முக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்த நிலையத்துக்குள் இன்னொரு சொத்து இருந்தது. எஃப்.எம். ஆன்டெனாவை உயரமான கட்டடத்தின் உச்சியில் வைத்துவிடலாம். ஏ.எம்.மில் கோபுரம் முழுவதுமே ஆன்டெனா. 1560 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 192 மீட்டர். அதில் கால் பங்கு உயரமென்றால் கோபுரம் 48 மீட்டர். அதன் அடியிலிருந்து வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள் போல, ஏறத்தாழ அதே நீளத்துக்கு, பொதுவாக 120 செம்புக் கம்பிகளை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். ஆக ஒரு கோபுரத்துக்கே நூறு மீட்டர் அகலமுள்ள வெற்று நிலம் தேவை. ஒலியைக் குறிப்பிட்ட திசையில் செலுத்தப் பல கோபுரங்கள் வேண்டும். 1560க்கு அந்த நிலம் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், மாஸ்பெத்தில் இருந்தது. கிடங்குகளுக்காக நிறுவனங்கள் இடம் தேடி அலைந்த நேரம். 2021இல் அந்த மனையை ப்ரோலாஜிஸ் என்ற கிடங்கு நிறுவனம் 5 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. மொத்த நிலையத்துக்கும் கொடுத்த விலையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த ஆண்டு பிப்ரவரியில் மாஸ்பெத் கோபுரங்களிலிருந்து ஒலிபரப்பு நின்றது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இது பாதி விடை. நேயர் ஆதரவு நிலையத்துக்கு வரும் காணிக்கை அன்றாடச் செலவை ஓட்டுகிறது. பெரும் பணம் சேர்வது அலைவரிசையின், நிலத்தின் விலையேற்றத்தில். கே-லவ் இன்று செய்வது இதன் மறுபக்கம்: வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் சிறு தொகைகள் நிலையான வருமானம் என்பதால், விளம்பரச் சந்தை தளர்ந்து வணிக நிறுவனங்கள் கடனில் தவிக்கும் நேரத்தில் அதனால் துணிந்து வாங்க முடிகிறது. ஒரே நிகழ்ச்சியைச் செயற்கைக்கோள் வழியே நாடு முழுக்க அனுப்புவதால் ஊருக்கு ஊர் ஆள் போட வேண்டிய செலவும் இல்லை.

## கடிவாளம் யார் கையில்?

மறு பாதி விடை நிர்வாகத்தில் இருக்கிறது. நேயர் பணம் கொடுப்பதாலேயே நேயர் கையில் கடிவாளம் வந்துவிடாது. இரு வேறு அமைப்புகள் இதற்கு இரு வேறு தீர்வுகளை முயன்றிருக்கின்றன.

கே.பி.எஃப்.ஏ.வை நடத்தும் பசிஃபிகா அமைப்பில் 1999இல் பெரும் மோதல் வெடித்தது. அதன் பின் புதிய விதிகளின்படி, சந்தா கட்டும் நேயர்கள் ஓட்டுப் போட்டு நிலையக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கொடுப்பவருக்குக் குரல் கிடைத்தது. கூடவே ஓயாத கோஷ்டிச் சண்டையும் தேர்தல் செலவும் வந்து சேர்ந்தன.

இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவ அமைப்புகள் 1979இல் நிதிப் பொறுப்புடைமைக்கென்று தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. அதில் சேர, நிர்வாகக் குழுவில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். பெரும்பான்மையினர் ஊழியராகவோ உறவினராகவோ இல்லாத வெளியாட்களாக இருக்க வேண்டும். கணக்கு தணிக்கைக்கு உட்பட வேண்டும். கே-லவ்வின் தாய் அமைப்பு இதில் உறுப்பினர்.

இரண்டில் இரண்டாவது முறையே கிறிஸ்தவ ஊழியங்களுக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். ஆனால் அதுவும் பணத்தைத்தான் பாதுகாக்கும். மைக்கில் பேசுகிறவரிடம் 'ஐயா, இதை ஒலிபரப்ப வேண்டாம்' என்று சொல்லக்கூடிய ஒருவர் கட்டடத்துக்குள் இருக்கிறாரா என்பதை எந்த வரித் தாக்கலிலும் பார்க்க முடியாது. ஒரு வானொலி ஊழியத்துக்கு மாதாமாதம் காணிக்கை அனுப்புகிற தமிழ்க் குடும்பங்கள், அமெரிக்காவிலும் சரி, சென்னையிலும் சரி, அனுப்பும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: பேசுகிறவரும் தலைவரும் ஒருவரா? குழுவில் வெளியாட்கள் எத்தனை பேர்? அந்த நிலையம் உங்களைச் சபைக்குப் போகச் சொல்கிறதா, சபையிலிருந்து பிரிந்து வரச் சொல்கிறதா?

## இன்று

கேம்பிங் இறந்த பிறகும் அவருடைய பழைய பதிவுகள் சில ஆண்டுகள் ஒலித்துக்கொண்டிருந்தன. 2018இல் அவற்றை முற்றாக நிறுத்துவதாக ஃபேமிலி ரேடியோ அறிவித்தது. வெளிச் சபைகளைச் சேர்ந்த போதகர்களின் நிகழ்ச்சிகளுக்கு இடம் கொடுத்தது. தலைமையகம் கலிஃபோர்னியாவிலிருந்து டென்னசிக்கு நகர்ந்தது. குறைந்த நிலையங்களோடு, இன்றும் நேயர் காணிக்கையில்தான் ஓடுகிறது.

ஓக்கீச்சோபியின் சிற்றலைக் கோபுரங்களை 2013இன் இறுதியில் டபிள்யூ.ஆர்.எம்.ஐ. என்ற மயாமி வானொலி வாங்கியது. அது நேரத்தை விற்கும் நிலையம். ஃபேமிலி ரேடியோ காணிக்கையில் நிறுத்திய அதே கோபுரங்கள் வழியே இப்போது பணம் கட்டுபவர் எவரும் பேசலாம். பிரசங்கியார்களும் பேசுகிறார்கள், பிற நாட்டு வானொலிகளும் பேசுகின்றன.